பன்னிரண்டாம் அத்தியாயத்துச் சண்டை

இனி இந்த ஜென்மத்தில் பெண்டாட்டியோடு சண்டை போடுவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார்.

கேட்பவர்களுக்கு, ஆகா, மனுஷன் திருந்திவிட்டார் என்று தோன்றும். திருந்தவும் இல்லை, திருந்துகிற உத்தேசமும் இல்லை. பழிவாங்குவதற்காக எடுத்த முடிவு அது. அவ்வளவு கோபம் அவருக்கு. அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது, அதனால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கண்ணைச் சோதித்து, சட்டம் மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்துக் கொடுத்து அனுப்புவார். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்பவர்கள், தெரிவதைத் தெரியவில்லை என்று சொல்பவர்கள், எழுத்துப் பலகையை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்பவர்கள் எல்லோரையும் பிடித்துவிடுவார். "என் நாற்காலில உக்காந்து என் கண்ணுல மண்ணைத் தூவ ஒருத்தன் பொறந்து வரணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒருத்தன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி என்று யோசிக்கவில்லை.

அவர் மனைவி காதல் நாவல்கள் எழுதுகிறவள். அலமாரி நிறைய எழுதிவிட்டாள். எல்லா அட்டையிலும் ஒரு பெண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள், ஒருவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேருக்கும் பார்வைக் கோளாறு என்பது கண்ணாடிக்காரரின் தொழில்முறை அபிப்பிராயம். அட்டையைத் தாண்டி அவர் ஒரு பக்கம்கூடப் போனதில்லை.

"ஒண்ணையாவது படிச்சுப் பாருங்களேன்" என்பாள்.

"நாள் பூரா எழுத்தத்தான் பாக்கறேன். வீட்லயுமா?"

"அது தனித்தனி எழுத்துங்க. இது சேர்த்து வச்சது."

"சேர்த்து வச்சா மட்டும் என்ன, எல்லாம் அதே எழுத்துதான்."

அவள் எழுதியது சாப்பாட்டு மேசையில். வெங்காயம் நறுக்குகிற பக்கம். கதாநாயகி கண்ணீர் விடும் இடங்களெல்லாம் அங்கே உட்கார்ந்து எழுதியவை என்பதால் தத்ரூபமாக அமைந்ததாக விமர்சகர்கள் பாராட்டினார்கள். வீட்டில் சன்னல் வைத்த நல்ல அறை ஒன்று உண்டு. அதில் கண்ணாடிக்காரரின் பழைய ரேடியோக்கள் இருந்தன. மரப்பெட்டி ரேடியோ, தோல் உறை போட்ட ரேடியோ, ஏரியல் உடைந்தது, முள் நகராதது. ஒன்றுகூடப் பாடாது. அவற்றைத் துடைத்துத் துடைத்து வைப்பார்.

"பாடாத ரேடியோவுக்கு எதுக்குங்க சன்னல்?"

"ஒம் கதாநாயகிக்கு மட்டும் எதுக்கு?"

"எட்டிப் பாக்க."

"என் ரேடியோவும் எட்டிப் பாக்கும்."

இந்தச் சண்டையை அவர்கள் எத்தனையோ முறை போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர்தான் ஜெயித்தார். ஜெயித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடைக்கு ஓர் அம்மாள் வந்தாள். கத்தரித்த முடி, தோளில் பெரிய தோல்பை. வாசிக்கக் கண்ணாடி வேண்டும் என்றாள். அவர் நாற்காலியில் உட்கார வைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, சின்ன எழுத்து அட்டையைக் கையில் கொடுத்தார்.

"இதைப் படிச்சா கொட்டாவி வருது சார். நான் படிக்கறதையே கொண்டு வந்திருக்கேன். அதைப் படிச்சுக் காட்டட்டுமா?"

"தாராளமா."

பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தாள். பிரித்தாள். கணீரென்று படித்தாள்.

"'ஈரத் துண்டை மெத்தை மேல போடாதீங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?' என்றாள் அவள். 'துண்டுன்னா ஈரமாத்தான் இருக்கும். காஞ்சு போனா அதுக்குப் பேரு துணி!' என்று உறுமினான் அவன்."

கண்ணாடிக்காரரின் கையிலிருந்த கண்ணாடி வில்லை கீழே விழுந்து, உருண்டு, அலமாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இந்த வசனத்தை உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் பேசியிருக்க முடியும். அவர் அப்போது சோதனைச் சட்டத்தின் திருகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தம்மா கதைல பன்னிரண்டாம் அத்தியாயம் வந்தாப் போதும் சார், சண்டை வந்துடும். சண்டைன்னா அப்படியே பக்கத்து வீட்ல போடற மாதிரி! எங்கேருந்துதான் புடிக்கறாங்களோ! அந்தச் சண்டைக்காகவே வாங்கறவங்க இருக்காங்க. நான் நிறுத்தட்டுமா, மேல படிக்கட்டுமா?"

"போதும்" என்றார் அவர். ஏதோ ஒரு பவரை எழுதிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார். என்ன பவர் என்று பிறகு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். அலமாரி முன்னால் நின்றபடியே நாவல்களை ஒவ்வொன்றாக உருவிப் பன்னிரண்டாம் அத்தியாயத்தை மட்டும் படித்தார். குழாய் ஒழுகியதற்குப் போட்ட சண்டை இருந்தது. ரயில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டு அவள் மேல் பழி போட்டது இருந்தது. கல்யாண வீட்டில் அவர் தூங்கிவிட்டது, தூங்கவில்லை என்று சாதித்தது, எல்லாம் இருந்தது. அவர் கத்தியது கத்தியபடி, காற்புள்ளி போட்டு இருந்தது. பதின்மூன்றாம் அத்தியாயத்தில் மட்டும் அந்தக் கதாநாயகர்கள் மழையில் நனைந்துகொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அது அவரிடமிருந்து எடுத்ததல்ல. அவர் கேட்டதே இல்லை.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அவள் முகம் தெளிந்துவிடுவது ஞாபகம் வந்தது. நல்ல சுபாவம், மனசில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தார். மனசில் ஏன் வைத்துக்கொள்ளப் போகிறாள், காகிதத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாளே! அவர் தொண்டை வறள, நரம்பு புடைக்க, மனதார உண்மையாகச் சண்டை போட்டிருக்கிறார். அவளோ வேலை பார்த்திருக்கிறாள்.

கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் போய்க் கொட்டினார்.

"இதை இப்படியே விடக்கூடாது சார். மேல போய் ஒரு புடி புடிங்க" என்றார் டாக்டர்.

"பாத்தீங்களா, நீங்களே அவளுக்கு வேலை செய்யறீங்க! நான் புடிச்சா அது அடுத்த புத்தகத்துல வரும். புடிக்க மாட்டேன். அவளுக்கு இப்ப புதுப் புத்தகம் போய்க்கிட்டிருக்கு. பதிப்பகத்துலேருந்து நச்சரிக்கறாங்க. சண்டை கிடைக்கலைன்னா பதினோராம் அத்தியாயத்துலயே நிக்கும். பட்டினி போடப் போறேன்."

"அம்மாவையா?"

"கதையை! கடைசில அவளே வந்து, 'ஏங்க, ஒரே ஒரு சண்டை போடுங்க'ன்னு கெஞ்சணும். அப்ப நான் சிரிப்பேன்."

பல் டாக்டர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கம்.

மறுநாளே யுத்தம் ஆரம்பமாயிற்று. காப்பியை ஒரு வாய் குடித்தார். நாக்கு சுருண்டது.

"சர்க்கரை போடல" என்றாள் மனைவி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"சரிம்மா."

"இனிமே போட மாட்டேன்."

"சரிம்மா."

"கசக்கலை?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை மூடிவிட்டு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். கண்ணாடிக்காரர் கசப்பைக் கடைசிச் சொட்டு வரை அனுபவித்துக் குடித்தார். வெற்றிக்கு இப்படி ஒரு ருசி இருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அடுத்து ஒரு சட்டை வாங்கி வந்தாள். ரோஸ் நிறம். பார்த்தால் கண் கூசும், பார்க்காவிட்டாலும் கூசும்.

"இதைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போங்க."

வாய்வரை வந்தது. 'நான் என்ன பஞ்சுமிட்டாயா?' என்ற அருமையான வசனம் அது. அதை அப்படியே விழுங்கினார். "சரிம்மா" என்று போட்டுக்கொண்டு போனார். கண் சோதிக்க வந்தவர்கள் பலகையைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றதும் தம்பியை வரவழைத்தாள். கிளாரினெட் கற்றுக்கொள்ளும் தம்பி. கற்றுக்கொண்டே இருக்கும் தம்பி. விடிந்ததும் கூடத்தில் நின்று ஊதினான். ஊதியது பாட்டா, பழுதா என்று ஊருக்கே சந்தேகம் வந்தது.

"அத்தான், தொந்தரவா இருக்கா?" என்று கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்துக் கேட்டான்.

"சேச்சே! ஊது மச்சான்."

"ஒரு மாசம் இருக்கட்டுமாங்க?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எத்தனை மாசம் வேணும்னாலும் இருக்கட்டும்மா" என்றார் கண்ணாடிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு. பல் டாக்டர் பிற்பாடு பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கிறது என்றார்.

ஆனால் பலன் தெரிந்தது. ஒரு சாயங்காலம் மனைவி தொலைபேசியில் பேசியது அவர் காதில் விழுந்தது. "இல்ல மேடம். சண்டை வரவே மாட்டேங்குது. என்ன பண்ணிப் பாத்தாலும் சரிங்கறார். ஆமா, எல்லாத்துக்கும். எனக்கே ஆச்சரியமா இருக்கு."

கண்ணாடிக்காரர் சத்தமில்லாமல் குதித்தார். ரேடியோ அறைக்குப் போய் மரப்பெட்டி ரேடியோவை ஆசையாகத் துடைத்தார். இன்னும் கொஞ்சம்தான். கெஞ்சப் போகிறாள்.

அவள் வந்தாள். கையில் அளவு நாடா இருந்தது. சன்னலை அளந்தாள், சுவரை அளந்தாள்.

"ஏங்க, ரேடியோவையெல்லாம் சாப்பாட்டு மேசைக்கு மாத்திடலாமா? நான் இங்க உக்காந்து எழுதறேன். இந்தக் கதை முடியற வரைக்கும்தான்."

கண்ணாடிக்காரர் துடைக்கிற துணியை ரேடியோ மேல் வைத்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். சர்க்கரை போகட்டும். மானம் போகட்டும், அது ரோஸ் சட்டையோடு போய்விட்டது. ஆனால் இந்த அறை! இதற்காகத்தானே இத்தனை வருஷம் நின்று போராடினார். 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அதுவரை போடாத சண்டையெல்லாம் சேர்ந்து வெள்ளமாக வரும். அந்த வெள்ளம் நேராகப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் போய்ப் பாயும். அதற்குத்தானே நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்? அவர் என்ன, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவரா?

"சரி..." என்றார். மீதி வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "...ம்மா."

ரேடியோக்களை அவரே தூக்கிக்கொண்டு போய் வெங்காயம் நறுக்குகிற பக்கம் வைத்தார். திரும்பி வந்தபோது அவள் சன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் பாதி முகத்தில் விழுந்தது. எதிரே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பதை வேடிக்கை பார்த்தாள். பிறகு தனக்குள் சிரித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். அந்த அறைக்கு அவள் பொருத்தமாகத்தான் இருந்தாள். அது தெரிந்ததும் அவருக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

அதன் பிறகு பல மாதம் அவருக்குக் கண்ணில் வெங்காயம், காதில் கிளாரினெட், நாக்கில் கசப்பு. ஆனாலும் வைராக்கியத்தை விடவில்லை. ஒருநாள் அவள் வந்து சொன்னாள்.

"புத்தகம் அச்சாகி வந்துடுச்சுங்க. நூலக மண்டபத்துல வெளியீட்டு விழா. வர்றீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சண்டை இல்லாமயேவா?"

"என்ன சண்டை?"

"ஒண்ணுமில்ல."

யோசித்துப் பார்த்ததில் மனம் குளிர்ந்தது. சண்டை இல்லாமல் எழுதியிருக்கிறாள் என்றால் உப்பில்லாமல்தான் இருக்கும். வாங்க ஆள் இருக்காது. கட்டுக்கட்டாகத் திரும்பி வரும். அந்தக் காட்சியை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டாமா?

"வர்றேன்."

"அந்த ரோஸ் சட்டையப் போட்டுக்கங்க."

"சரிம்மா."

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. உள்ளே நுழைந்ததும் பெண்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஓரிருவர் புன்னகை செய்தார்கள். ஒரு அம்மாள் தன் கணவனின் விலாவில் இடித்து அவரைக் காட்டினாள். அந்தக் கணவன் கண்ணாடிக்காரரைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு விரோதம். முன்பின் தெரியாத மனிதர், என்ன பகையோ என்று அவர் குழம்பினார்.

மேடையில் பதிப்பக அம்மாள் எழுந்து அட்டைப் படத்தின் திரையை இழுத்தாள். ஆளுயரப் படம். ரோஸ் சட்டை போட்ட ஒருவர் கையில் காப்பியோடு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒருத்தன் கிளாரினெட் ஊதினான். மேலே பெரிய எழுத்தில், எந்தப் பவரும் இல்லாமல் கடைசி வரிசை வரை தெரிகிற மாதிரி, நாவலின் பெயர்:

சரிம்மா.

"மேடம் வந்து இந்தக் கதையைச் சொன்னப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு" என்றாள் பதிப்பக அம்மாள். "பொண்டாட்டி என்ன சொன்னாலும் சரிம்மாங்கற கதாநாயகன்னாங்க. 'இதை நம்ப முடியாது மேடம், உலகத்துல அப்படி ஒரு ஆம்பளை கிடையாது'ன்னேன். 'இருக்கார், பாத்துப் பாத்து எழுதறேன்'னாங்க. அவரு இங்கதான் உக்காந்திருக்கார். முன்வரிசை. ரோஸ் சட்டை!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

"சார், நிஜமாவே கோபமே வராதா?" என்று ஒரு வாசகி கத்தினாள்.

"ஒரே ஒரு தடவை அதைச் சொல்லுங்க சார்!" என்றாள் இன்னொருத்தி.

யாரோ அவர் கையில் மைக்கைத் திணித்தார்கள். அத்தனை கண்களும் அவர் மேல் இருந்தன. அந்த இடத்தில் என்ன செய்ய முடியும்?

"சரிம்மா" என்றார்.

கூரை அதிர்ந்தது. அடுக்கி வைத்திருந்த புத்தகங்கள் அவர் கண் முன்னால் தீர்ந்து போயின. வாங்கிய ஒவ்வொருத்தியும் அவரிடமும் ஒரு கையெழுத்துக் கேட்டாள்.

தேநீர் கொடுக்கிற இடத்தில் பதிப்பக அம்மாள் அவரைத் தேடி வந்தாள். மேடையில் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். கத்தரித்த முடி. தோளில் பெரிய தோல்பை. கண்ணாடிக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீங்க... எங்க கடைக்கு..."

"ஆமா சார், நான்தான். என் கண்ணுல ஒரு குறையும் இல்ல. நீங்க குடுத்த கண்ணாடியப் போட்டா வாசப்படி ரெண்டாத் தெரியுது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"மேடம்தான் அனுப்பினாங்க. 'என் நாவலை எடுத்துட்டுப் போய் அவர் காதுல விழற மாதிரி பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் படிங்க, போதும். விஷயம் தெரிஞ்சா அவர் சண்டை போட மாட்டார். சண்டை போடாமப் பழிவாங்குவார். அதைவிட நல்ல புருஷன் எந்தக் கதைலயும் கிடையாது'ன்னாங்க. நான் நம்பல. இப்ப நம்பறேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கண்ணாடிக்காரர் வாயைத் திறக்கவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டே வந்தார். கதவு திறந்தது. மனைவி நேராகச் சன்னல் அறைக்குப் போய்க் கைப்பையை மேசையில் வைத்தாள், கைப்பேசியைச் சன்னல் திட்டில் வைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். இவர் வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"என்னை என்னன்னு நெனச்சே? என் கடைக்கே ஆள் அனுப்பி, என் நாற்காலிலயே உக்கார வச்சு, என் கண்ணுலயே மண்ணைத் தூவியிருக்கியே! கஷாயம் மாதிரி காப்பியக் குடிச்சேன், எதுக்கு? பஞ்சுமிட்டாய் மாதிரி தெருவுல நடந்தேன், எதுக்கு? ஒம் தம்பி ஊதறதைக் கேட்டு, தெரு நாய்கூட வேற தெருவுக்குப் போயிடுச்சு. நான் போனேனா? சண்டைக்கும் நான்தான் வேணும், சமாதானத்துக்கும் நான்தான் வேணும்னா, நான் புருஷனா, கச்சாப் பொருளா? துண்டுன்னா ஈரமாத்தான் இருக்கும்! அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்!"

கிளாரினெட் கூடத்தில் பாதியில் நின்றது. கீழே பல் டாக்டர் வீட்டுச் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. குழாயிலிருந்து ரயில் டிக்கெட் வரை போய்த் திரும்பி வந்தார். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல், கன்னத்தில் கை வைத்து, கண் கொட்டாமல் கேட்டாள்.

"முடிஞ்சுதாங்க?"

"முடியல. என் அறையக் குடு. இப்பவே!"

"கதை முடிஞ்சதும் தர்றேன்னுதானே சொன்னேன்?"

"அதான் முடிஞ்சு போச்சே! அச்சடிச்சு, கைதட்டி, டீயும் குடிச்சாச்சே! இன்னும் என்ன பாக்கி?"

அவள் சன்னல் திட்டிலிருந்த கைப்பேசியை எடுத்தாள். அதில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது.

"கேட்டீங்களா மேடம்? ரெண்டாம் பாகத்துல இவருக்குக் கோபம் வருதுன்னப்போ நம்ப முடியாதுன்னீங்களே."

"நம்பிட்டேன் மேடம், நம்பிட்டேன்!" என்றது கைப்பேசி, பதிப்பக அம்மாளின் குரலில். "ஒண்ணே ஒண்ணு. தயவுசெஞ்சு இந்தக் கதையை முடிச்சுடாதீங்க. தொடராவே போட்டுக்கிட்டிருப்போம்."